சலவையறைச் சாவி

பதினாலு வயதில் கண்ணாடி பார்த்து
இன்னும் வரவில்லை, வரும் என்றிருந்தேன்.
கடைவாய்ப் பல்லைப் போல
அதற்கும் ஒரு முறை இருக்குமென்று.

வரவில்லை.
இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னக் கோடு,
மூடிய இமை மாதிரி.

பீல் நகரத்துப் பள்ளி நீச்சல் குளத்தில்
மற்றப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் தலை துவட்ட
நான் துவாய்க்குள்ளேயே உடை மாற்றினேன்.
அதில் நான் வித்தைக்காரி.

கலியாணத்துக்குப் பிறகும்
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
வெட்கம் என்று நினைத்தார் நிமலன்.
வெட்கம்தான்.
அவர் நினைத்த வெட்கம் இல்லை.

ஏழு மாத வயிற்றோடுதான் கேட்டேன்.
தமிழில் வாய் வரவில்லை; ஜெர்மனில் கேட்டேன்.
டொக்டர் பென்சிலால் கீறிக் காட்டினார்:
பால்குழாய் கட்டையாக இருந்தால்,
அடியில் நார் இறுக்கிப் பிடித்தால்,
காம்பு உள்ளுக்கு இழுபடும்.
பத்துப் பேரில் ஒருத்திக்காவது இருக்கும், என்றார்.
திரும்பும் பஸ்ஸில் பெண்களை எண்ணினேன்.
இருபத்திமூன்று.

ஜெர்மனில் அதற்குப் பெயர் நழுவி ஒளியும் மரு.
தெருவைக் கடந்தால், பிரெஞ்சில், தொப்புளானது.
தமிழில் உள்வாங்கியது.
கடலுக்கும் அதே சொல்.
அது உள்வாங்கினால்
எங்கள் ஆட்கள் ஓடத் தொடங்குவார்கள்.

விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னார்.
இடது எட்டிப் பார்த்தது. வலது அசையவில்லை.
ஊசியில்லாச் சிரிஞ்சு மாதிரி ஓர் உறிஞ்சுகுழல்,
பிறகு சிலிக்கோன் தொப்பி.
கத்தியும் உண்டு, ஆனால் குழாய் அறுபடலாம்,
பால் கொடுத்து முடித்துவிட்டு யோசியுங்கள்.

மகள் பிறந்து நாலு நாள்
இருவரும் அழுதோம்.
ஐந்தாம் நாள் வாயை அகலத் திறந்து
கருவட்டத்தையே கவ்வினாள்.
அவளுக்கு யாரும் படம் கீறிக் காட்டவில்லை.

வியாழன் எங்கள் சலவை நாள்.
நிலவறைக் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் மாடித் தெய்ஷெய்ரா,
கைக்கடிகார மூடிகளை மினுக்கும் வேலை,
கிண்ணத்தில் காய்ந்த தொப்பிகளைப் பார்த்து
இது என்ன என்றாள்.
வெங்காய விலை சொல்வது போலச் சொன்னேன்.
சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது,
சொல்லிவிட்டேன் என்று.

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.
எனக்கும்.
ஒன்று மட்டும்.
இந்தப் பனிக்காலத்தில்தான். வயது போகிறதல்லவா.

டொக்டர் தாளின் அடியில்
இரண்டு முறை கோடு போட்டது அந்த வரிக்குத்தான்:
பிறவியிலிருந்து என்றால் அது உருவம்.
புதிதாக, ஒரு பக்கம் திரும்பினால்
அது கேள்வி.
அழற்சியாக இருக்கலாம்.
குழாய் விரிந்து தழும்பாகி இழுத்திருக்கலாம்.
வேறொன்றாகவும் இருக்கலாம்.
பார்க்காமல் தெரியாது.

நிலவறையில் சிக்னல் இல்லை.
ஈரப் போர்வையைத் தோளில் போட்டபடி
அவளை இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன்.
செவ்வாய், எட்டு நாற்பது, என்றார்கள்.
செவ்வாய் என் சலவை நாள், என்றாள்,
நோயைக் கேட்டதைவிடக் கலங்கி.
என் வியாழனை எடுங்கள், என்றேன்.
இந்தக் கட்டடத்தில் யாரும் நாள் மாற்றுவதில்லை.

இன்று வியாழன். சாவி அவளிடம்.
முடிவு திங்கள் வரும்.
கீழே அவளுடைய வெள்ளைத் துணிகள் சுற்றுகின்றன,
சும்மா பக்கத்தில் இரு என்றாள், இருக்கிறேன்.
மகள் பசித்துச் சட்டையை இழுக்கிறாள்.
படியிலேயே இருந்து கொடுக்கிறேன்.
மூன்று நிமிடத்துக்கொருமுறை
தானாக அணைகிறது இங்கத்தை விளக்கு.
ஒவ்வொரு முறையும்
பிள்ளையோடு எழும்பிப் போடுகிறேன்.